வியர்த்த பலகை

பழைய பலகை எது வந்தாலும் நான் முதலில் அதை நக்கிப் பார்ப்பேன். முச்சக்கர வண்டிக்காரர் பலகையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது நான் அதன் ஓரத்தில் நாக்கை வைத்துக்கொண்டு நிற்பேன். முதல் தடவை பார்த்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இப்போது எங்கள் ஊர் எத்தாளையில் எல்லோருக்கும் பழகிவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கரிக்கிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். கரித்தால் அந்தப் பலகையில் விளக்குச் செய்யமாட்டேன். இந்தப் பழக்கம் ஒரு ஒக்டோபர் மழையோடு எனக்கு வந்தது.

ஊர் வேண்டாம் என்று எறிவதை எடுத்து வீட்டு அலங்காரச் சாமான் செய்வது என் தொழில். உடைந்த தோணிக் கட்டை கண்ணாடிச் சட்டமாகும். கரையில் ஒதுங்கும் போத்தல் பூச்சாடியாகும். சிரட்டையில் ஓட்டை போட்டால் விளக்குக்கு மூடி. வாங்குகிறவர்கள் ஆலங்குடாப் பக்கம் கடற்கரையில் குடில் கட்டி வாடகைக்கு விடுகிற கபானாக்காரர்கள். காற்றுப் பட்டம் கட்டிக் கடலில் ஓடுவதற்கென்று வருகிற வெள்ளைக்காரர்களுக்கு இப்படியான சாமான் இருக்கிற அறைதான் பிடிக்கும்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. எங்கள் வீடுகளில் புதுக் கதிரைக்குப் போட்ட பொலித்தீன் உறையை மூன்று வருஷத்துக்குக் கழற்றமாட்டோம். விருந்தாளி வந்தால் துருப்பிடித்ததையெல்லாம் கோடிப்புறத்தில் ஒளித்துவைப்போம். மஞ்சள் பல்ப் எரிந்தால் கரண்ட் குறைவா என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு மச்சி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "காசு குடுத்துக் குப்பை வாங்குறாங்களே, அவங்கட ஊர்ல குப்பை இல்லையா?" நானும் சிரித்தேன். உள்ளதைச் சொன்னால் என் வீட்டிலும் மினுங்குகிற அலுமாரியும் துணிப் பூவும் குழல் விளக்கும்தான். ஆனால் ஒரு பழைய பலகையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அழுக்குக்குக் கீழே மரத்தின் வைர வரி தெரிய ஆரம்பிக்கும்போது எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். அந்த ஆசை பொய்யில்லை.

என்னைக் கல்யாணம் முடித்த என் மாப்பிள்ளை களப்போரத்து உப்பளத்தில் வேலை செய்கிறார். அங்கே பாத்திகளுக்குத் தண்ணீர் விடுகிற வாய்க்கால் வாயில் பலகை செருகித்தான் தண்ணீரை மறிப்பார்கள். அதை மதகுப் பலகை என்போம். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்று தேய்ந்தபின் கழற்றி வரம்பில் எறிந்துவிடுவார்கள். ஒரு வருஷம் ஜூலை மாதத்தில் அப்படிக் கிடந்தவற்றை அவர் ஏற்றிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம். வரிகளுக்கு நடுவில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைப் போல அழகான மரத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

முதலில் ஒரு விளக்குச் செய்து, ஆலங்குடாவில் புதிதாகத் திறந்த கபானா ஹோட்டலின் மனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிலாபத்துப் பையன். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு அறைக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்ட ஒவ்வொன்று வேண்டும் என்றார். முதலாளி கொழும்பில் இருந்து வந்து பார்த்துப் பிடித்தால் இன்னும் இரண்டு இடத்துக்கும் கேட்பார் என்றும் சொன்னார். அதுவரைக்கும் எனக்கு வந்தவை எல்லாம் ஒன்றும் இரண்டுமான வேலைகள். இது சரிவந்தால் குசினிக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் நடக்கிற என் வேலை ஒரு ஒழுங்கான பட்டறை ஆகிவிடும். இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்வது, யார் யாரைக் கேட்பது என்பது வரைக்கும் மனதுக்குள் போட்டு வைத்துவிட்டேன்.

"வார்னிஷ் மட்டும் பூசிடாதீங்க அக்கா. பூசினா மரம் செத்துடும்" என்றார் மனேஜர்.

பூசவில்லை. பலகையின் முதுகில் உளியால் காடி வெட்டி வயரை இறக்கினேன். பித்தளை ஹோல்டரைப் பலகையிலேயே முடுக்கினேன். கீழே தொப்பி மாட்ட இரண்டு தோணி ஆணி. வயர் வேலையைக் கைபேசியில் பார்த்துப் பழகியிருந்தேன். ஒவ்வொன்றையும் டெஸ்டர் வைத்துச் சோதித்தேன். எரிய வைத்தபோது சிரட்டை ஓட்டைகளின் வழியாகச் சுவர் முழுக்கப் புள்ளி விழுந்தது. "நல்லா ஈக்கு" என்றார் என் மாப்பிள்ளை. அவரிடமிருந்து அது பெரிய பேச்சு. ஓகஸ்டில் பன்னிரண்டையும் நானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். முதலில் செய்ததை மட்டும் ஆசைக்கு எங்கள் குசினி வாசலில் வைத்துக்கொண்டேன்.

ஒக்டோபரில் ஒரு காலை. இரண்டு நாளாகக் காற்று விழுந்துபோய்ப் புழுக்கமாக இருந்தது. களப்புப் பக்கம் வானம் கறுத்திருந்தது. குசினியில் இருட்டாக இருக்கிறது என்று அந்த விளக்கைப் போட்டேன். போட்டுவிட்டு, சாய்ந்திருந்த பலகையை நேராக்கக் கை வைத்தேன். முழங்கை வரைக்கும் உதறியது. மற்றக் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பலகை முழுக்க, வேலை செய்து வந்தவனின் நெற்றியைப் போல, துளித் துளியாக நீர் நின்றது.

சத்தம் கேட்டு என் மாப்பிள்ளை வந்தார். கோப்பையைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தார்.

"பலகை வேர்த்திட்டு. மழை ஈக்கு" என்றார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். உப்புக் குவியல்களை மூட வேண்டும். படலையில் நின்று, "உனக்கு என்ன நடந்த?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல. நீங்க போங்க."

உப்பளத்து வாடியில் கதவோரம் ஒரு மதகுப் பலகை எப்போதும் சாத்தி வைத்திருப்பார்கள். காலையில் போகிறவன் அதைத் தடவிப் பார்ப்பான். உப்புக் குடித்த மரம் மழைக்கு முன்னால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வியர்க்கும். கை நனைந்தால் அன்றைக்கு அள்ளுகிற வேலை இல்லை, மூடுகிற வேலைதான். கல்யாணம் முடித்த வருஷத்தில் இருந்து இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அது உப்பளத்துப் பேச்சு, ஆம்பிளைகளின் பேச்சு என்று ஒரு பக்கமாக வைத்திருந்தேன். ஆடிக்காற்றில் காய்ந்து உலர்ந்து கிடந்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வயரைச் செருகும்போது ஒரு தடவைகூட அது என் நினைப்புக்கு வரவில்லை. என் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சொல்லி முடிக்க முடியாது.

பன்னிரண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் அதே பலகை. கடலில் இருந்து நனைந்து வருகிறவர்கள், வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று கை நீட்டி விளக்கைப் போடுகிறவர்கள். எல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அப்போது மணி எட்டு இருக்கும்.

நான் போகவில்லை.

முதலாளி வருகிற வெள்ளிக்கிழமை வருவதாக மனேஜர் முந்திய நாள்தான் சொல்லியிருந்தார். அங்கே புது வயரிங், ஏதும் என்றால் சுவிட்ச் தானாக விழும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் குசினி ஆவி பட்டுத்தான் இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்தேன். சீசன் முடிகிற நேரம், ஆட்களும் குறைவாக இருக்கும். நாளைக்குப் போய் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்தால் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே மீனைக் கழுவினேன். தேங்காய் துருவினேன். ஆணம் காய்ச்சினேன். ஒரு மணித்தியாலத்து வேலையைப் பகல் வரைக்கும் இழுத்தேன். இரண்டு தடவை கைபேசியை எடுத்து, நம்பரைப் பார்த்துவிட்டு, திரும்ப ஜன்னலில் வைத்தேன். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டேன். பசித்துத்தான் சாப்பிட்டேன், அதையும் மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

பகல் லுஹர் தொழும்போது சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்த நேரம் தகரத்தில் மழை விழுந்தது. முதலில் நாலைந்து சொட்டு, பிறகு ஒரேயடியாக. அதற்குமேல் என்னால் ஒரு சாக்கும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தொழுகையை முடித்துப் பாயைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டு முச்சக்கர வண்டி பிடித்தேன்.

போகும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லுவதாகத்தான் நினைத்தேன். ஆனால் மனேஜரின் முகத்தைக் கண்டதும் வாயில் வேறு வந்தது.

"தம்பி, லைட் எல்லாத்தையும் கழட்டித் தாங்க. ஒரு பொலிஷ் போடோணும்."

"இந்த மழையில என்ன பொலிஷ் அக்கா?" என்று அவர் சிரித்தார். "எல்லா ரூம்லயும் ஆள் இருக்கு. சனிக்கிழமை போறாங்க. அதுக்குப் பிறகு பாப்பம்."

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

"அதுல கரண்ட் அடிக்கிது தம்பி. பலகை ஈரமாகிட்டு. மெயின அணைங்க" என்றேன்.

அவர் மழைக்குள் இறங்கி ஓடினார். பின்னால் அறைகளுக்கான மெயின் சுவிட்ச் விழுகிற சத்தம் கேட்டது. நனைந்தபடியே திரும்பி வந்தார். "காலையில ரெண்டு ரூம்ல சுவிட்ச் விழுந்தது. மழைக் குணத்துக்கு எண்டு நினைச்சுத் திரும்பத் தூக்கிப் போட்டம்" என்றார்.

அறை அறையாகப் போனோம். நான் திருகாணியைக் கழற்ற, அவர் பலகையைத் தாங்கினார். எல்லாமே வியர்த்திருந்தன. ஏழாவது அறையில் ஒரு குடும்பம். நான் மாட்டிய தோணி ஆணிகளில் ஒன்றில் பெரிய துவாய் தொங்கியது. மற்றதில் மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவான நீச்சல் உடை, நீலத்தில் மஞ்சள் மீன் போட்டது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டி எடுப்பதற்குக் கீழே ஒரு முக்காலியும் போட்டிருந்தார்கள்.

நாங்கள் உள்ளே போனதைக் கண்டு அந்தச் சின்னப் பெண் முக்காலியில் ஏறினாள். தன் உடுப்பை எடுத்துத் தருவதற்கு ஈரக் கையைப் பலகைக்கு நீட்டினாள். கரண்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "தொடாத" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்து அழுதது. தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மனேஜர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அந்தக் குட்டி உடையை ஆணியில் இருந்து எடுத்து மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு பலகையையும் வண்டியில் அடுக்கி முடித்தபின் மனேஜர் எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"வேற ஆளெண்டா மறைச்சிருப்பாங்க அக்கா. நட்டம் எண்டு தெரிஞ்சும் நீங்க மழையோட ஓடி வந்திருக்கிறீங்க. இத நான் முதலாளிட்டச் சொல்லத்தான் போறன்" என்றார்.

சொல்லியும் இருக்கிறார். முதலாளி பலகையைப் பார்க்காமலே மூன்று இடத்துக்கும் கேட்டார். இடித்த வீடுகளின் கைமரத்திலும் பழைய ஜன்னல் சட்டத்திலும் செய்துகொடுத்தேன். எல்லாம் நக்கிப் பார்த்து எடுத்த மரம். குசினிக்குப் பின்னால் இப்போது பட்டறை இருக்கிறது, இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். கபானாவுக்கு வருகிறவர்களிடம் விளக்கைக் காட்டி, இதைச் செய்கிற அக்காவைப் போல நேர்மையான ஆள் இல்லை என்று மனேஜர் அந்தக் கதையைச் சொல்வாராம். குசினி வாசல் பலகையில் இருந்து வயரைக் கழற்றிவிட்டேன். அது சும்மா தொங்குகிறது. அது வியர்க்கிற காலையில் என் மாப்பிள்ளை உப்பு மூடப் போவார். எனக்கு அன்றைக்கு மீன் சமைக்க முடியாது.

அன்று தேத்தண்ணியைக் குடித்து எழும்பும்போது அந்தப் பையன் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டி வரைக்கும் கூட வந்தார்.

"தெரிஞ்ச உடனே வந்துட்டீங்க, என்ன அக்கா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.