கையை எடுத்தால் காலி

எனக்கு நாற்பது வயதாகிவிட்டது என்று முழங்கால் சொல்லும். கை ஒத்துக்கொள்ளாது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் கேம் சென்டர் திறந்த நாளிலிருந்து நான் கை பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே ஆளுயரத்தில் ஒரு சுடும் ஆட்டப் பெட்டி. அதன் விசேஷம், வேறு வேறு ஆட்டங்களின் நாயகர்கள் எல்லாரும் அந்த ஒரே ஆட்டத்துக்குள் வந்திருப்பார்கள். விண்வெளிச் சிப்பாய், சாம்பல் பூசினாற்போல் வெளுத்த துறவி, கடலிலிருந்து ஏறி வந்த நீல வீரன், கரண்டியால் சுடும் சமையல்காரி. இவர் ஆட்டத்து எதிரியை அவர் சுடுவார். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒரே பந்திக்கு முண்டியடித்தது போல ஒரே கலவரம். ஆஹா, எனக்கு வேறென்ன வேண்டும்!

கடைக்காரர் கடையநல்லூர் பாய். பெட்டியை மறுநாள் திருநெல்வேலிக்குத் திருப்பி அனுப்பப் போவதாக அவர் ஒருநாள் சொன்னார். ஆட்டத்தின் முடிவை நான் பார்த்ததே இல்லை. பதற்றத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டேன்: “இன்னைக்கு முடிக்கலேன்னா மீசையை எடுத்திருதேன்.” நான் மீசை என்று சொல்வதைப் பார்த்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. என்றாலும் முகத்தில் சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

சாட்சி சொல்ல மதினி வந்துவிட்டார். அண்ணன் மனைவி. கொழுந்தனைக் கேலி செய்வதை உத்தியோகமாகச் செய்பவர். வீடியோ காலில் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு படியேறி வந்தார்.

“கீழ சலூன்ல சொல்லி வச்சிட்டுத்தான் வாரேன் கொழுந்தனாரே. கத்தி தீட்டுதாரு.”

நான் சுட்டேன். அப்படிச் சுட்டேன்! கடைசிக் கட்டத்தில் வரும் இரும்புச் சிலந்திவரை வந்துவிட்டேன். அதைக் கொல்ல ஒரே வழி, துறவியையும் நீல வீரனையும் ஒன்றாகச் சேர்ப்பது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். திரையில் எழுந்து நின்றது ஓர் உருவம். வலப்பாதி வெண்சாம்பல், இடப்பாதி நீலம்.

என் இரண்டு கைகளும் பெட்டியை விட்டு எழும்பிக் கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டன. எங்கள் ஊர்க் கோவிலில் சங்கரன் பாதி, நாராயணன் பாதியாக நிற்கும் சாமியை நினைவு தெரிந்த நாள் முதல் கும்பிட்ட கைகள். திரை எது, சன்னதி எது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. சிலந்தி என்னை மென்று துப்பிவிட்டது.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். “உங்க ஊர்க்காரன் ஒருத்தனும் இந்த எடத்தைத் தாண்ட மாட்டேங்கானே வே! வெளியூர்ப் பயலுவ சுட்டுட்டுப் போறானுவ. நீரு கும்பிட்டுட்டு நிக்கீரு.”

மறுபடி ஆடினேன். பெட்டியின் பிடியை நெரித்துப் பிடித்துக்கொண்டேன். உருவம் எழுந்தது, கையும் எழுந்தது. இந்த முறை மதினியும் போட்டுக்கொண்டார். கையிலிருந்த போன் அவர் கன்னத்தில் நங்கென்று இடித்தது.

கன்னத்தைத் தடவிக்கொண்டே மதினி யோசித்தார். “கன்னத்துல விழணும், அவ்வளவுதான? நீங்க கையை எடுக்காதீங்க. ஒங்களுக்குப் பதிலா நான் போடுதேன்.”

போனை பாயிடம் கொடுத்துவிட்டு, வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். அந்த உற்சாகத்தை அவர் முகத்தில் அண்ணன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆட்டத்திலும் உருவம் எழுந்தது. படார், படார்! தலை வலமும் இடமும் ஆடியது. கை அசையவில்லை!

“நிறுத்தாதீங்க மதினி!” என்று கத்தினேன்.

“கண்ணுல சுடும்வே, கண்ணுல!” என்று பாய் குதித்தார்.

சிலந்தியின் கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைசியில் அது வெடித்துச் சிதற, அத்தனை நாயகர்களும் கைகோத்து ஆடினார்கள். நானும் ஆடினேன். முழங்கால் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது போனில் அண்ணன் குரல். “ஏலே, மதினிட்ட என்னலே வம்பு பண்ணுன? இந்த அடி அடிக்கா!”

பாய் போனை எங்கள் முகத்தை நோக்கியே பிடித்திருந்தார். மதினி அறைவதையும், நான் இன்னும் வேண்டும் என்று கேட்பதையும் குடும்பமே பார்த்திருக்கிறது. திரையை யாரும் பார்க்கவில்லை.

“முடிச்சிட்டேண்ணே!”

“எதலே முடிச்ச?”

திரும்பிப் பார்த்தால் பெட்டி ஆட்டத்தின் ஆரம்பத்துக்கே போய் நின்றது.

“மதினி, நீங்களாவது சொல்லுங்க.”

“நான் கன்னத்தைல்லா பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றார், சிரிக்காமல். “திரையை எங்க பாத்தேன்?”

போனைத் திரைப் பக்கம் திருப்பிப் பிடிக்கும்படி பாயிடம் கெஞ்சிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காசைப் போட்டேன். மதினி பின்னால் வந்து நின்றார்.

“இந்தத் தடவை கொஞ்சம் மெதுவா மதினி.”

“சாமி காரியம் கொழுந்தனாரே. கொறை வைக்கக் கூடாதுல்லா.”