தொப்பியைக் கழற்றும் போலீஸ்காரர்

எனக்கு ஆங்கிலம் வராது. பின்னே எதற்கு அந்த வெள்ளைக்காரத் தொடரையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாய் என்று என் தங்கை கேட்கிறாள். அவளும் இதே பர்மாவில், கியாக்தானில் இருக்கிறாள். அடிக்கடி போன் பண்ணி என் உயிரை வாங்குவாள். "தமிழ் சீரியல் எவ்வளவு கெடக்கு, அதைப் பாரேன்க்கா. எந்நேரமும் குண்டு, சாவு, போலீசு! ஏற்கெனவே நமக்கு இருக்கிறது பத்தாதா?" என்பாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? அவளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள்.

அந்தத் தொடரை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் மகன். அலோனில் ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தான். அங்கே யாரோ பென் டிரைவில் கொடுத்தார்களாம். பெரிய யுத்த காலத்து இங்கிலாந்து, கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மேலே விமானம் குண்டு போட்டுக்கொண்டே இருக்கிறது. கீழே ஒரு போலீஸ் அதிகாரி கொலைகளைத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் கதை.

தின்கன்ஜூனில் எங்கள் வீட்டில், கரண்ட் வந்ததும் முதலில் தண்ணீர் மோட்டார், அப்புறம் சோறு, அப்புறம் அந்தப் போலீஸ்காரர். மகன் நடுநடுவே நிறுத்தி, பாதி பர்மியம் பாதித் தமிழில் விளக்குவான். "அம்மா, அந்தக் கிழவன் பொய் சொல்றான், பாத்துக்க!" நான் அதற்கு முன்பே கண்டுபிடித்திருப்பேன். பொய் சொல்கிறவன் மூஞ்சியைப் பார்க்க ஆங்கிலம் எதற்கு?

ஒரு கதையில் குண்டு விழுந்து தெருவே தரைமட்டம். இடிபாட்டுக்குள் ஒரு தையற்காரியின் பிணம். எல்லோரும் குண்டில் செத்தாள் என்கிறார்கள். இல்லை, இவளை ஒருவன் கொன்றிருக்கிறான் என்று நம் போலீஸ்காரர் கிளம்புகிறார். என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "ஊரே செத்துக்கிட்டிருக்கு. இந்த ஒருத்திக்காக இந்த ஆளு என்ன அலைச்சல் அலையிறான், பைத்தியக்காரன்!" என்றார். சொல்லிவிட்டு அடுத்த நாளும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். இவருடைய பெரியப்பா, அதே யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து இந்த ஊரிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே கிளம்பிய கூட்டத்தில் போனவர். எந்த மலையில் விழுந்தார், என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்போதும் வெள்ளைக்காரன் ஆட்சிதான். அந்தப் பாதையில் மட்டும் ஒரு போலீஸ்காரர் கூடக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது கடைசிக் காட்சி. கொலைகாரனைப் பிடித்தபின் அந்த மனிதர் செத்தவரின் வீட்டுக்குப் போவார். கதவைத் தட்டுவார். அம்மா வந்து திறப்பாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செத்த பிள்ளையின் பேரைச் சொல்லி, என்ன நடந்தது என்று சொல்வார். அதற்காகத்தான் பார்க்கிறேன்.

என் மகனை, வேலை முடிந்து வரும்போது, பஸ்ஸை நிறுத்தி இறக்கிப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பயிற்சியிலிருந்து யாருடைய போனிலோ ஒரே ஒரு தடவை பேசினான். "வடக்கே அனுப்பப் போறாங்களாம். அழாதம்மா" என்றான். அப்புறம் மழைக்காலம் வந்து போனது. அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இங்கே இரண்டு பேர் உண்டு. வீட்டில் தமிழ்ப் பேர். அடையாள அட்டையில், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வைத்துவிட்ட பர்மியப் பேர். பிறந்ததிலிருந்து என் மகனை நாங்கள் அந்த அட்டைப் பேர் சொல்லி ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்லை.

ஒரு மத்தியானம் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. டாக்ஸி ஓட்டுவதை விட்டதிலிருந்து வீட்டுக்காரர் அந்நேரம் தூங்குவார். பாதித் தூக்கத்தில் எடுத்தார். ஓர் ஆண் குரல் பர்மியத்தில் ஒரு பேரைச் சொல்லி, அவர் வீடுதானே என்று கேட்டது. பட்டாளத்துக்குப் பயந்து ஓடிப்போன பையன்களைத் தேடி யார் யாரோ கூப்பிடுகிற காலம். தெரியாத குரல் என்றால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"யாருங்க?" என்றேன்.

"ராங் நம்பர். யாரையோ கேட்டான்..." என்று அந்தப் பேரைத் தன் வாயாலேயே சொன்னார். வாய் திறந்தபடி நின்றது.

திருப்பி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் போனை அணைத்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண் உயிர் பெறவே இல்லை.

"பெத்த பிள்ளை பேரு மறந்துபோச்சாய்யா ஒனக்கு?" என்று கத்தினேன். அவரை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கீரை முறம் கவிழ்ந்து கிடந்தது, அதை அள்ளப் பார்த்தார். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல அந்த ஆள் கூப்பிட்டானா, போய்விட்டான் என்று சொல்லவா? பக்கத்திலேயே என் பிள்ளை உட்கார்ந்திருந்தானா? அப்பா என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார் என்று நினைத்திருப்பானா?

வார்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். "பேசாம வீட்டுக்குப் போங்க. கேட்டுக்கிட்டே இருந்தா தொல்லை உங்களுக்குத்தான்" என்றார் அங்கிருந்தவர். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். தொடரில், இல்லை என்று கதவைச் சாத்தினாலும் நம் போலீஸ்காரர் மறுநாள் வந்து மறுபடி கேட்பார். இங்கே ஒரு தடவை இல்லை என்றால் இல்லைதான்.

கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார்கள். இவர் தமிழ்ப் பேரைச் சொன்னார். தட்டை நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "இன்னொரு பேரும் இருக்கு சாமி, அதையும் சேத்துச் சொல்லிடுங்க" என்றார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது போன் வந்தால் இவர் ஹலோ சொல்வதில்லை. எடுத்ததும் மகனின் அட்டைப் பேரைச் சொல்லி, "அவன் வீடுதான், நான் அவன் அப்பா பேசுறேன்" என்று பர்மியத்தில் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் தையற்காரி கதையை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிக் காட்சி. போலீஸ்காரர் கதவைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அந்நேரம் பார்த்து போன் அடித்தது, தெரியாத எண். இவர் பாய்ந்து எடுத்து, ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தார்.

அந்தப் பக்கம் ஒரு பெண். சமையல் கேஸ் கடை என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். "மன்னிச்சுக்குங்க, அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டாள்.

இவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

"நல்லாச் சொன்னீங்க," என்றேன். "பேரு தெளிவாக் கேட்டுச்சு."