காதுக்கு மடி

திருவனந்தபுரத்தில் கரமனை பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றதும் நவநீத் சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுக்கிறார். பஞ்சைக் கிள்ளி, விரல் நுனியில் உருட்டி, முதலில் வலது காதில் வைக்கிறார், பிறகு இடதில். வரிசை மாறிப்போனால் இரண்டையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். எதிரே தேநீர்க்கடை ரேடியோ பாடுகிறது. பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கைப்பேசி பாடுகிறது. தினமும் அதே நேரத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய விளம்பர ஆட்டோ ஒன்று பப்படத்தின் பெருமையைப் பாடிக்கொண்டே கிழக்கேகோட்டைப் பக்கம் போகிறது. நவநீத்தின் முகத்தில் மட்டும், மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்ட வீட்டின் நிம்மதி.

காதுவலியா என்று யாராவது விசாரித்தால் இடது பஞ்சை எடுத்துவிட்டுப் பதில் சொல்வார். "வலியொண்ணும் இல்லே. புதுப் பாட்டு பண்ணிண்டிருக்கேனாக்கும். வேற எதுவும் உள்ளே போயிடப்படாது, பாருங்கோ."

அவர் ஓர் இண்டிபெண்டன்ட் மியூசிஷியன். சினிமாவையோ சபாவையோ கோயிலையோ சாராதவர் என்று பொருள். அம்மாவின் சமையல் இந்தப் பட்டியலில் வராது. பகலில் நகரத்தின் மறுகோடியில், கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பிறர் எழுதியதில் பிழை தேடுகிறார். மாலையில் வீட்டுக்கு வந்து, தான் எழுதியதில் பிறரைத் தேடுகிறார். ஒரு சாயல் கிடைத்தாலும் அந்தப் பாட்டு அன்றோடு சரி. இதனால் அவர் கைவிட்ட பாட்டுகள் வெளியிட்டவற்றைவிடப் பல மடங்கு அதிகம். கைவிட்டவையே உயர்ந்தவை என்பதும் அவர் கருத்து. கேட்டுச் சரிபார்க்க வழியில்லாததால் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இணையத்தில் நேர்காணல் எடுக்கும் ஆதிரா என்ற பெண் ஒருமுறை அவரிடம், உங்கள் இசையைப் பாதித்தவர்கள் யார் என்று கேட்டார்.

"மழை," என்றார் நவநீத். "கரமனையாறு. அப்புறம் சைலன்ஸ்."

"மனுஷங்க யாரும்?"

நெடுநேரம் யோசித்தார். "மனுஷா... அவ்வளவா இல்லே."

அந்த நேர்காணலை முழுக்கப் பார்ப்பதற்குள் அவர் இதுவரை வெளியிட்ட எல்லாப் பாட்டுகளையும் கேட்டு முடித்துவிட்டு ஒரு தூக்கமும் போடலாம்.

கல்யாணங்களுக்குப் போவார். முகூர்த்தத்துக்கு அல்ல. மேளம் ஓய்ந்தபிறகு வந்து, நாதஸ்வரக்காரர் சாப்பிடும் பந்தியிலேயே, அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்பார். குளியலறையில்தான் மெட்டுப் பிறக்கும்; முணுமுணுத்துக் கைப்பேசியில் பதிவு செய்வார். அந்நேரம் பார்த்து அடுத்த வீட்டுப் பட்டாபி மாமா சீட்டியடித்துக்கொண்டு வாசலில் போனால் முடிந்தது. பதிவை அழித்துவிட்டு, தலைக்கு இன்னொரு தரம் ஊற்றிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்குவார்.

அவர் அம்மா விஜயலக்ஷ்மி, வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். விசேஷ நாட்களில் மடியாகச் சமைப்பார். முதல்நாளே நனைத்து உயரத்துக் கொடியில் உலர்த்திய புடவையைக் கோலால் எடுத்து உடுத்திக்கொண்டபிறகு அவரை யாரும் தொடக்கூடாது. இதைப் பற்றி மகனுக்குத் தீராத பரிகாசம். இந்தக் காலத்தில் என்ன தீட்டு, எதில் ஒட்டிக்கொண்டு வருகிறது அது, என்று கூடத்தில் நின்று உரக்கக் கேட்பார். உரக்கக் கேட்பதற்குக் காரணம் காதில் பஞ்சு.

"கேட்டேளா, அவன் பறையறதை?" என்றார் விஜயலக்ஷ்மி, அன்று அங்கே போயிருந்த என்னிடம். "எனக்குப் புடவைல மடி. அவனுக்குக் காதுல மடி. நான் அவனைத் தொடப்படாது, அவன் என்னைத் தொடப்படாது. சௌக்யமா இருக்கோம்."

இப்படிக் காத்து வளர்த்த பாட்டுத்தான் 'உப்பில்லாக் கடல்'. 'என்னையே தேடி நான் போனேன்' என்று தொடங்கும். அந்த வரி முடிந்ததும் ஓர் இடைவெளி. கிதார் நிற்கும், குரல் நிற்கும், தாளம் மட்டும் உள்ளுக்குள் ஓடும். பாட்டின் உயிரே அந்த மௌனம்தான் என்பார் நவநீத். அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாதாம். "அங்கே என்னமோ இருக்கு. ஆனா வார்த்தை இல்லே. நான் அதை நிரப்ப மாட்டேன்."

அந்த மௌனத்தின்மேல் நிறைய ஏற்றி வைத்திருந்தார். நிறுவனம் அவரை ஹைதராபாத்துக்கு மாற்றுவதாகச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் சம்மதம் கேட்டிருந்தது. ஞாயிறு மாலை நகரத்தில் சுயாதீன இசைக்காரர்கள் கூடும் ஒரு மேடையில் அவருக்கு முதன்முறையாக இடம். பாட்டு எடுபட்டால் ஊரில் இருப்பது, விழுந்தால் கிதாரைப் பரண்மேல் ஏற்றிவிட்டு ஹைதராபாத் போவது. அம்மாவிடம் அப்படித்தான் அறிவித்திருந்தார். அம்மாவுக்கு எது நடக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. கூடத்தில் ககோன் என்ற பெட்டிமேல் உட்கார்ந்து தாளம் தட்டியவர் பிரஜின். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தென்தமிழ்நாட்டுக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பம். கல்யாணம், கோயில்விழா, மாதாகோயில் பாட்டு என்று எதிலும் வாசிப்பார், எல்லாவற்றையும் கேட்பார். அந்தப் பிரஜின் மூன்றாம் சுற்றில் கையை நிறுத்தினார்.

"சேட்டா, நான் ஒண்ணு சொன்னா தேஷ்யப்படப்பிடாது."

"சொல்லு."

"இந்த மெட்டு தெனமும் ஆட்டோல போவுது. பப்படத்துக்கு."

நவநீத்தின் முகம் வெளுத்தது. பஞ்சு டப்பாவைப் பார்த்தார். பிரஜின் இரக்கமில்லாதவர் அல்ல. ஆனால் தாளம் கையில் இருந்தது. மெல்லத் தட்டிக்கொண்டே பாடிக்காட்டினார். "எண்ணெயில் இட்டால் பூ போலே..." நவநீத்தின் மௌனம் வரும் இடத்தில் கொஞ்சமும் பிசகாமல் வந்து உட்கார்ந்தது: "ரத்னாபாய் பப்படம்!"

"எவனோ திருடிட்டான்," என்றார் நவநீத்.

"சேட்டா, அது நான் இங்க வந்த காலம்தொட்டு ஓடுது. உங்க பாட்டு இன்னும் வெளியவே வரலியே."

"அப்போ நான்..." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கேர்ந்துடா உள்ளே போச்சு? எந்தக் காது வழியா? யார் போட்ட ட்யூன் அது?"

"ஆருக்குத் தெரியும்? ஏதோ ஒரு பாவம் பிடிச்சவன்."

"இவன்தான்," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அன்று மடி இல்லை, விஜயலக்ஷ்மி கூடத்துக்கே வந்துவிட்டார். "காலேஜ் படிக்கறச்சே, அப்போதான் பப்பட வியாபாரம் தொடங்கின ரத்னாபாய் வந்து பாட்டு கேட்டா. அவ முற்றத்துல பப்படம் காயறது, நீ கிதாரோட பக்கத்துல உக்காந்து ஒரு மத்யானத்துல போட்டுக் குடுத்தே. எல்லாம் மறந்துபோச்சா? அவ தந்த பப்படத்தைப் பொரிச்சே ஓணம் வரைக்கும் ஓட்டினோமேடா."

நவநீத்தின் முகத்தில் நிறம் திரும்பத் தொடங்கியது. பெரிய வியாதி என்று பயந்துபோய், பரம்பரைச் சளிதான் என்று வைத்தியர் சொல்லக் கேட்டவரைப்போல ஆனார்.

"அப்போ வெளியாள் யாரும் இல்லே?"

"வெளியாள் யாருடா? நீயேதான்."

"அப்போ தோஷமில்லே," என்றார். "பிரஜின், எடு. முதல்லேர்ந்து."

பிரஜின் விஜயலக்ஷ்மியைப் பார்த்தார். விஜயலக்ஷ்மி பிரஜினைப் பார்த்தார். "நாளைக்கு வர்றவா பப்படம் திங்காதவாளா இருக்கணும்னு வேண்டிக்கோ," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

ஞாயிறு மாலை அரங்கில் கறுப்பு டி-ஷர்ட் இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். பனி, தனிமை, தொலைந்த நகரங்கள் பற்றியெல்லாம் பாடல்கள் வந்தன; கூட்டம் தலையை மட்டும் மெல்ல அசைத்துக் கேட்டது. நவநீத் இரண்டு காதிலும் பஞ்சோடு மேடையேறினார். கைதட்டலும் ஒரு பாதிப்புத்தான் என்பது அவர் கொள்கை. இதுவரை அதைச் சோதிக்க வாய்ப்பு வந்ததில்லை.

'என்னையே தேடி நான் போனேன்.' கிதார் நின்றது. மௌனம் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் அதில் "ரத்னாபாய் பப்படம்" என்றது. பக்கத்தில் சிரிப்பு. பஞ்சுக்கு அப்பால் இருந்த நவநீத் கண்மூடி அடுத்த அடிக்குப் போனார். இரண்டாம் சுற்றில் மௌனத்தைப் பாதி அரங்கம் நிரப்பியது. பிரஜின் தலையைக் குனிந்துகொண்டார். கை மட்டும் பிசகவில்லை. இரண்டாம் வரிசையில் விஜயலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். முந்தானைக்குப் பின்னால் உதடுகள் அசைந்தன.

மூன்றாம் சுற்றில் நவநீத் கண்ணைத் திறந்தார். எதிரே அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தார். அவர் பாட்டை யாரும் கூடச் சேர்ந்து பாடி அவர் பார்த்ததில்லை. கிதார் ஒரு கணம் தடுமாறிச் சமாளித்தது.

நான்காம் முறை அந்த வரி முடிந்ததும் வலதுகாதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரஜினைப் பார்த்து, இன்னும் ஓர் ஆவர்த்தனம் நீட்டு என்று விரலால் சுழித்துக் காட்டிவிட்டு, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவைத்தார்.

இடதுகாதுப் பஞ்சை எடுக்கவில்லை.