மாதா வேஷம் கேட்டவள்

எங்கள் சந்தில் மாதா வேஷம் என்றால் நான்தான். ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய சந்து அது. அப்பாக்கள் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் போன பிறகு குழாயடிச் சிமெண்ட் மேடை எங்கள் வசம் வந்துவிடும். என் அம்மாவின் நீல நைலான் சேலை, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம், கையில் குழந்தை இயேசுவுக்குப் பதிலாகச் சுருட்டிய துண்டு. திருநாளுக்குக் கொடி ஏறியதும் வருஷா வருஷம் ஒரே நாடகம். மோர் விற்கும் நொண்டிப் பையனுக்கு மாதா காட்சி கொடுத்து, எழுந்து நடக்கச் சொல்வாள். அவன் நடப்பான். தண்ணீருக்குக் குடம் போட்டுக் காத்திருக்கும் பெண்கள் பார்ப்பார்கள்.

நொண்டிப் பையனுக்கும் நிரந்தரமாக ஓர் ஆள் இருந்தாள். எதிர்வீட்டுப் பெண், என் வகுப்பு, என் சிநேகிதி. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிருந்தது. இவளுக்கு வேஷமே போட வேண்டாம் என்று அவள் எதிரிலேயே சொல்வோம். தலையில் துண்டைக் கட்டி, கையில் பானையைக் கொடுத்தால் முடிந்தது. சிக்கல் அப்புறம்தான். நான் "எழுந்து நட, மகனே" என்றதும் அவள் நடக்க வேண்டுமே? அதற்கும் வழி வைத்திருந்தோம். இரண்டு பேர் குறுக்கே ஒரு சேலையைப் பிடிப்பார்கள். அவள் தவழ்ந்து மேடைக்குப் பின்னால் இறங்கிவிடுவாள். அதே மாதிரி துண்டு கட்டிய இன்னொருத்தி துள்ளிக்கொண்டு வெளியே ஓடி வருவாள். எல்லாம் முடியும்வரை இவள் பின்னால் சகதியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலையை நீட்டினால் திட்டுவேன். மூன்று வருஷம் அவளை இப்படித்தான் குணமாக்கினோம்.

நாலாவது வருஷம் அவள் மாதா வேஷம் கேட்டாள். எனக்கு அப்போது பதினொரு வயது. கேட்டது என்னிடம் இல்லை, என் அம்மாவிடம். மாதா நடக்கவே வேண்டாமே, குழாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதுமே என்றாளாம். ஒரு நாளாவது நொண்டியாக இல்லாமல் அந்த மேடையில் நிற்க வேண்டும், தன் அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்றாளாம். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு தபா குட்த்துட்டுப் போயேன். உனுக்கின்னா கொறைஞ்சா பூடும்?"

எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மாவின் சேலை, வாரக்கணக்கில் நான் தெருத்தெருவாகப் பொறுக்கிய வெள்ளித்தாள். சரி என்றேன். அப்படியானால் நொண்டிப் பையன் நான்தான் என்றும் சொன்னேன். என் பெருந்தன்மையை அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

சேலை தரைவரை இறங்கி அவள் காலை மறைத்திருந்தது. கால் தெரியாத அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அழகாக இருந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மீன் விற்கும் அவள் அம்மா கூடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நொண்டியாக எப்படி வேண்டுமானாலும் நடித்திருக்கலாம். நான் அவளாக நடித்தேன். அடிக்கு அடி கையால் முழங்காலை அழுத்தி, இடுப்பை ஒரு பக்கம் வெட்டி, உதட்டைக் கடித்து, தொண்டைக்குள் அவள் போடும் அந்தச் சின்ன முக்கலையும் சேர்த்துப் போட்டேன். தினமும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூடவே போகிறவளுக்குத்தான் அந்த முக்கல் கேட்கும்.

முதலில் ஒரு பொடிசு சிரித்தது. பிறகு குழாயடியே சிரித்தது. "அப்டியே அவ மாரியே கீதுடி" என்றாள் ஒருத்தி. எல்லாத் தலைகளும் என்னை விட்டு மேடைப் பக்கம், அந்த நீலச் சேலையின் கீழ்ப் பக்கம் திரும்பின. அவள் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் முந்தானையால் வாயைப் பொத்தினாள். மேடையில் நின்றவள் அதையும் பார்த்தாள்.

நான் மேடையில் ஏறித் தவழ்ந்து போய் அவள் காலடியில் மண்டியிட்டுப் பானையை நீட்டினேன். இனி அவள் பேச வேண்டும். பேசவில்லை. வசனம் மறந்துவிட்டதாக்கும் என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அவள் அழவில்லை. என்னைக் குனிந்து பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"நீ எந்திரிக்க வேணாம். சாவற வரிக்கும் இப்டியே கெட."

சிரிப்பு நின்றுவிட்டது. மாதா சொல்லாமல் நொண்டிப் பையன் எழக்கூடாது என்பது எங்கள் ஆட்டத்தின் சட்டம். போட்டது நான்தான். சிமெண்ட் முழங்காலைக் குத்தியது. ஒரு கையால் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் மண்டியிட்டிருந்தால் அவளே மனசு இறங்கிச் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அப்போது வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. கோபம்தான் இருந்தது.

அவள் சொல்லாமலே எழுந்தேன். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். எல்லோரும் பார்க்க மேடையிலிருந்து ஒரே குதியாகக் குதித்து வீடுவரை ஓடினேன். அவளைக் கீழே இறக்க அவள் அம்மாதான் எழுந்து போக வேண்டியிருந்தது.