நர்ஸம்மாவின் முறை

எங்கள் பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறைத் தலைவியை எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் சொல்வோம். வார்டில் இருபது வருஷம் ஊசி போட்டுவிட்டு, பிறகு படித்து மேலே வந்தவர். யார் கொட்டாவி விட்டாலும், "சரியாத் தூங்கலையா?" என்று கேட்டுவிடுவார். துணைவேந்தருக்கும் அதே கேள்விதான்.

அவருடைய மாணவிகளுக்கு உடை மாற்ற ஓர் அறை இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒருத்தி போர்வையை விரித்துப் பிடிக்க, இன்னொருத்தி மாற்றுவாள். ஓர் அறை கேட்கத்தான் நான்கு மாதமாகத் துறைத் தலைவர்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். அங்கே பழைய துறை முதலில் பேசும், புதிய துறை கடைசியில். நர்ஸம்மா பன்னிரண்டாவது. பதினோராவது ஆள் முடிக்கும்போது மணி ஒன்றாகிவிடும். எல்லோரும் சாப்பிட எழுந்துவிடுவார்கள். கூட்ட அறையில் தண்ணீர் வைப்பது என் வேலை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் தலைவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நர்ஸம்மாவுக்கு வாய்த்தவர் கணக்குத் துறைத் தலைவர். முதல் ஆளாகப் பேசுகிறவர். தங்கமான மனுஷர், ஆண்டவன் அவருக்கு நாக்கை மட்டும் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டான்.

"நீங்க தைரியமாப் பேசணும் மேடம். குரலை உயர்த்துங்க," என்றார்.

"உயர்த்தறேன் சார். யாருக்கு, காலி நாற்காலிக்கா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் என்னதான் செய்யறது?"

"இந்த மாசம் உங்க முறையை எனக்குக் குடுங்க. என் முறையை நீங்க எடுத்துக்கோங்க."

"இவ்வளவுதானா? தாராளமா."

நர்ஸம்மா மூன்றே நிமிஷம் பேசினார். காலைச் சாப்பாடு எல்லோர் வயிற்றிலும் இருந்த நேரம். கீழ்த்தள ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுக்கத் துணைவேந்தர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

கணக்கு ஐயா எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் தாளைப் பிரித்தபோது எதிரே நானும் டம்ளர்களும்தான் இருந்தோம்.

"படிங்க ஐயா, நான் கேக்கறேன்," என்றேன்.

பாவம், இரண்டு பக்கம் படித்தார்.

மறுநாளே துணைவேந்தரிடம் போய், மாதம் ஒரு துறை முதலில் பேசட்டும் என்று கேட்டு வாங்கிவிட்டார். "எனக்காகக் கேக்கலை," என்று மூன்று தடவை சொன்னாராம்.

நர்ஸம்மா இதையெல்லாம் விசாரிக்கக்கூட இல்லை. ஸ்டோர் ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்து, ஒரு பிள்ளையை உள்ளே தாழ் போடச் சொல்லி, வெளியே நின்று பலமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை.