கதிரவெளியில் இருந்து தொடங்கிய கூட்டம்

செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில், முன்பள்ளிகளுக்காக வேலை செய்த ஒரு சிறிய நிறுவனத்தில் நான் ஆறு வருடம் இருந்தேன். மாதக் கூட்டத்துக்கு நிகழ்ச்சிநிரல் அடிப்பது, தேத்தண்ணிக்குச் சொல்வது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் பணிப்பாளர் ஓய்வுபெற்ற அதிபர். கூட்டத்தை அவர் பேச்சோடுதான் தொடங்குவார். தான் படிப்பித்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. அலுக்காத பேச்சு. அதுதான் கஷ்டமும். அதற்குப் பிறகு செங்கலடி, ஏறாவூர், கிரான் என்று கிட்டத்தில் இருந்து தூரத்துக்கு ஒவ்வொரு இணைப்பாளராக அறிக்கை சொல்வார்கள். கடைசி கதிரவெளி.

கதிரவெளி இணைப்பாளரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். விடியற்காலை பஸ்ஸில் வருகிறவர். திரும்பிப் போக இரண்டு மணி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் தன் முறை வரும்போது பையைத் தோளில் போட்டபடி, அரைத்தாளில் எழுதியதை என் கையில் தந்துவிட்டு, "எல்லாம் இதில எழுதியிருக்கன் தங்கச்சி" என்று சொல்லிப் போய்விடுவார். நான் தாளைக் கோப்பில் போட்டு, கதிரவெளி அறிக்கை கிடைத்தது என்று குறிப்பில் எழுதுவேன்.

ஒரு மாதம் பணிப்பாளருக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் போவதாகவும், தான் வருவதற்குள் அறிக்கைகளைக் கேட்டு எழுதும்படியும் போனில் சொன்னார். பத்து மணிக்கு வந்திருந்தது அக்காவும் கிரான் இணைப்பாளரும் மட்டும்தான். கிட்ட இருக்கிறவர்கள்தான் எப்போதும் பிந்துவார்கள். சும்மா இருப்பானேன் என்று அக்காவையே தொடங்கச் சொன்னேன்.

அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். அவருடைய பக்கத்தில் காலையில் கரைவலை இழுத்து முடிய ஒன்பது மணியாகும். தாய்மார் மீன் தெரிவு செய்யப் போனால் பிள்ளைகளும் கடற்கரையில்தான். முன்பள்ளியோ எட்டு மணிக்குத் தொடங்குகிறது. பாதியில் கொண்டுவந்து விட வெட்கப்பட்டு, பல தாய்மார் பிள்ளைகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ஒன்பதரைக்குத் தொடங்க அனுமதி தந்தால் போதும் என்றார். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

பணிப்பாளர் கன்னம் வீங்கி வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. விஷயத்தைச் சொன்னேன். உடனே சம்மதித்தார். ஆனால் இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த அரைத்தாள்களின் நினைவு வந்தது. எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்தேன். நாலு மாதத்து அரைத்தாள்கள். நாலிலும் இதே கோரிக்கை, ஒரே உருண்டைக் கையெழுத்தில்.

பணிப்பாளர் கண்ணாடியைப் போட்டு நாலையும் வாசித்தார்.

"நாலு தரம் எழுதியிருக்கிறா. நான் ஒருக்காவும் பார்க்கல்ல. நீங்க பார்த்தீங்களா மகள்?"

"இல்ல சேர். நானும் வாசிக்கல்ல."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அக்காவின் பக்கம் திரும்பி, இனிமேல் தூரத்தில் இருந்து வருகிறவர்தான் முதலில் பேசவேண்டும் என்றும், தன்னுடைய பேச்சு கடைசியில் என்றும் சொன்னார்.

அடுத்த கூட்டம் பன்னிரண்டேகாலுக்கே முடிந்துவிட்டது. பணிப்பாளர் எழும்பி நின்று, விஷயமெல்லாம் முடிந்ததுதானே, சாப்பிடுவோம் என்றார். அவர் குரலில் இருந்த வாட்டம் எல்லோருக்கும் விளங்கியது. அக்காதான் வாய் திறந்தார்.

"சேர், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. இவ்வளவு நாளும் மணிக்கூட்டப் பார்த்துப் பார்த்துத்தான் உங்கட கதையக் கேட்டன். இண்டைக்கு ஒழுங்காக் கேப்பம், சொல்லுங்க."

சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நாங்கள் கேட்டோம். அவர் சாப்பிட மறந்து பேசினார்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கிரானில் அறுவடைக்குத் தாய்மார் வயல்வட்டைக்குப் போகும் மாதங்களில் முன்பள்ளி நேரத்தை மாற்றுவது பற்றி மூன்று கூட்டங்கள் வாதாடினோம். ஆனால் அந்த வாதம் முழுவதும் என் குறிப்பில் இருக்கிறது. கதிரவெளி அரைத்தாள்களும் தொடர்ந்து வந்தன. அக்கா பேசிய பிறகும் தருவார். நான் அவரை இருக்கவைத்து, அவர் முன்னாலேயே வாசிப்பேன்.