உச்சிவேளைப் படித்துறை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆனாலும் அந்த வருஷம் அம்மாவோடு பெண்கள் படித்துறையில் குளிக்கிற வயசுதான். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, எங்கள் ஊர் ஏரிக்கு இரண்டு படித்துறைகள். பெண்கள் படியில் ஒரு வழக்கம் உண்டு. படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்து, மேல்படிக்காரி கீழ்ப்படிக்காரியின் முதுகைத் தேய்த்துவிடுவாள். ஊர்க்கதையெல்லாம் அந்த நேரத்தில்தான் இறங்கும்.

என் அப்பா, நைனாவின் தம்பியாகப் பிறந்து, சில வருஷம் எங்கோ இருந்துவிட்டுப் புடவையோடு திரும்பி வந்தவளை அத்தை என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. கூப்பிட்டேன். எனக்கு அதில் சிரமம் இல்லை. சிரமம் ஊருக்குத்தான் இருந்தது. அத்தை அம்மாவோடு வந்து கீழ்ப்படியில் உட்காரத் தொடங்கியதும் பஞ்சாயத்து கூடிவிட்டது.

“அது ஒக்காந்துகினு இருந்தா எம் பொண்ணு எப்டி குளிப்பா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“ஒம் பொண்ணு புள்ள பெத்தப்ப துணி அலசிப் போட்டது யாரு? அப்ப மட்டும் பொம்பளயா தெரிஞ்சாளா?” என்றாள் அம்மா.

ஆண்கள் படிக்கு அனுப்பலாமே என்றார் ஒருவர். “வாணாம்பா, எங்க பசங்க கெட்டுப் பூடுவானுங்க” என்று ஒரு குரல் வர, ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

அத்தை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். “எல்லாரோடவும் ஒக்காந்து குளிக்கணும் நாட்டாமை. வேற இன்னா கேட்டேன்?”

நாட்டாமை தாடையைச் சொறிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். “பொம்பளைங்க படியிலயே குளிச்சிக்கட்டும். ஆனா உச்சி வேளையில. அப்ப ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, யாருக்கும் பேஜாரு இல்ல.”

இரண்டு தரப்பும் ஜெயித்துவிட்ட மாதிரி கலைந்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. அம்மா களையெடுக்கப் போயிருந்ததால், மாற்றுப்புடவையைச் சுமந்துகொண்டு நான் துணைக்குப் போனேன். படித்துறையில் ஈ காக்கை இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

“அத்த, ஏரி மொத்தமும் ஒனக்குத்தான்!”

“ஆமாண்டா ராஜா. எனக்கே எனக்குத்தான்.”

மஞ்சள் இழைத்துப் பூசி முழுகினாள். பிறகு அதே கீழ்ப்படியில், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்து, கூந்தலை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தாள். மேல்படியில் நான் நின்றிருந்தேன்.

வெயில் காய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, என் நிழல் அவள் முதுகில் விழாதபடி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.